மோல் என்னும் நேர்மையான மரக்கால்
(கல்விக் கழக வெள்ளி விழாவில், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகள் கல்விப் பணியாற்றிய ஒரு கழகத்தின் விழாவில், வரலாறு பேசலாம், வாழ்த்துப் பேசலாம். ஆனால் விழாக் குழுவினர் என்னை அழைத்தபோது, ‘இளைஞர்களுக்குப் பயன்படும் ஒன்றைச் சொல்லுங்கள்’ என்றனர். வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில், மாணவர் பலர் எந்த இடத்தில் இடறி விழுகின்றனரோ அந்த இடத்தைப் பற்றியே பேசுவது என முடிவு செய்தேன். அதுதான் மோல் கணக்கு.

பத்தாம் வகுப்பில் ‘அணுக்களும் மூலக்கூறுகளும்’ என்ற பாடத்தில் மோல் தலைகாட்டுகிறது. பதினொன்றாம் வகுப்பு வேதியியலிலோ முதற் பாடமே வேதிக் கணக்கீடுகள்தாம். ஆகவே அறிவியற் பிரிவில் சேர்ந்த மாணவன் முதல் மாதத்திலேயே இதனைச் சந்திக்கிறான். இங்கே புரியாமற் போனால் கரைசல் புரியாது, வாயுக்கள் புரியா, சமநிலை புரியாது. ‘வேதியியல் நமக்கு வராது’ என்ற எண்ணம் அவன் உள்ளத்தில் வேர்விடுகிறது. மருத்துவம், மருந்தியல், வேளாண்மை, செவிலியர் பணி, ஆய்வுக்கூடப் பணி என்று எத்தனையோ வாயில்கள் ஒரே பாடத்தால் அடைபட்டுப் போகின்றன.

வாயில் அடைபடுவது எத்தகையது என்பதை நம் முன்னோர் அறிவர். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளையும் அரசுப் பள்ளிகளிற் சேர்க்க வேண்டும் என்ற ஆணை 1910ஆம் ஆண்டில் பிறந்தது. அதற்காகப் போராடியவர் அய்யன்காளி. ஆணை வந்த பின்னரும் ஊருட்டம்பலத்தில், ஒரு சிறுமியைப் பள்ளியிற் சேர்க்க அவர் சென்றதைப் பொறாதவர்கள் அந்தப் பள்ளிக்கே தீ வைத்தனர். அத்தகைய நெருப்பைக் கடந்து திறந்த வாயில் இது. இன்று ஒரு கணக்கிற்கு அஞ்சி நாமே அதனைச் சாத்திக் கொள்ளலாமா?

இன்னுமொரு செய்தியையும் நினைவூட்ட விரும்புகிறேன். வயலில் உழைத்தவர்க்கு நெல்லே கூலியாக இருந்த நாளில், கூலி அளக்க ஒரு மரக்கால், வாரம் அளக்க வேறொரு மரக்கால் என இரு மரக்கால்கள் இருந்த கொடுமையை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பார்ப்பதற்கு இரண்டும் மரக்கால்களே. கொடுக்கும்போது அது சிறுத்துவிடும், வாங்கும்போது பெருத்துவிடும். அளவு பிறர் கையில் இருக்கும் வரை உழைத்தவன் ஏமாந்துகொண்டே இருப்பான். அளக்கக் கற்றவனை ஏமாற்றுதல் அரிது. மோல் என்பதும் ஓர் அளவே. அது எவர் கையிலும் சிறுக்காது, பெருக்காது. உலகம் முழுமைக்கும் ஒன்றே.

மோல் என்றால் என்ன? தேங்காயை நூற்றுக்கணக்கிலும் முட்டையை டஜன் கணக்கிலும் சொல்கிறோம். டஜன் என்றால் பன்னிரண்டு. அதுபோலவே மோல் என்பதும் ஓர் எண்ணிக்கைதான். டஜனுக்கு 12, மோலுக்கு 6.022 × 10²³. அவ்வளவே வேறுபாடு! ‘மோல் ஓர் எடை’ என்று நினைப்பவர் குழம்புவர். ‘மோல் ஓர் எண்ணிக்கை’ என்று நினைப்பவர் தெளிவர்.

இந்த எண் எத்துணைப் பெரியது? ஒரு மோல் தண்ணீர் 18 கிராம். ஒரு பெரிய கரண்டியில் அடங்கிவிடும். அந்தக் கரண்டித் தண்ணீரில் உள்ள மூலக்கூறுகளை, உலக மக்கள் 800 கோடிப் பேரும் சேர்ந்து, நொடிக்கு ஒன்றாக, இரவு பகல் ஓயாமல் எண்ணினால், எண்ணி முடிக்க ஏறத்தாழ 24 இலட்சம் ஆண்டுகள் ஆகும்!

அப்படியாயின் எண்ணுவது எங்ஙனம்? எண்ணாமலே எண்ணுவதுதான் வேதியியலின் திறம். இரும்புக் கடையில் ஆயிரம் ஆணி கேட்டால் கடைக்காரர் ஒவ்வொன்றாக எண்ணிக் கொண்டிருப்பதில்லை; தராசில் நிறுத்துத் தருகிறார். பெரிய ஆணி ஒன்று 12 கிராம், சிறிய ஆணி ஒன்று 1 கிராம் எனக் கொள்வோம். பெரிய ஆணியில் 12 கிலோவும் சிறிய ஆணியில் 1 கிலோவும் நிறுத்தால், இரண்டு பொட்டலத்திலும் ஆயிரம் ஆயிரம் ஆணிகளே இருக்கும். எடை வேறு, எண்ணிக்கை ஒன்று.

கார்பன் அணு, ஹைட்ரஜன் அணுவைப் போல ஏறத்தாழ 12 மடங்கு எடையுள்ளது. ஆகவே 12 கிராம் கார்பனிலும் 1 கிராம் ஹைட்ரஜனிலும் உள்ள அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. அந்த எண்ணிக்கையே ஒரு மோல். ஒரு பொருளின் அணு எடையை அல்லது மூலக்கூறு எடையைக் கிராமில் நிறுத்தெடுத்தால் ஒரு மோல் கிடைத்துவிடும். கையிலுள்ள கிராமை மூலக்கூறு எடையால் வகுத்தால் மோல் வரும். மோலை மூலக்கூறு எடையால் பெருக்கினால் கிராம் வரும். மோல் கணக்கின் அடித்தளம் முழுவதும் இந்த ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும்தான்.

இவ்வுண்மை உலகிற்கு எளிதில் விளங்கிவிடவில்லை. சம கனஅளவுள்ள வாயுக்களில், ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும், சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும் என்று இத்தாலியரான அவோகாட்ரோ 1811இல் எழுதினார். அறிஞர் உலகம் அதனை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பொருட்படுத்தவில்லை. 1856இல் அவர் மறைந்தார். 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரிற் கூடிய மாநாட்டில், அவர் நாட்டவரான கன்னிசாரோ அக்கருத்தை எடுத்துரைத்த பின்னரே அது நிலைபெறத் தொடங்கியது. 1909இல் பிரெஞ்சு அறிஞர் பெரன், அந்த எண்ணுக்கு அவோகாட்ரோவின் பெயரைச் சூட்டினார். 1971இல் மோல் அனைத்துலக அடிப்படை அலகுகளில் ஏழாவதாக ஏற்கப்பெற்றது. 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ என்பதே அதன் திட்டமான வரையறை. மெய்யான கருத்து புறக்கணிக்கப்படலாம். அழிந்துவிடாது என்பதற்கு இவ்வரலாறே சான்று.

இனி நம் மண்ணுக்கு வருவோம். சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் காளவாயை நம் மூத்தோர் அறிவர். சிப்பி பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் மூன்று அணுக்களுக்கு 48. ஆக மூலக்கூறு எடை 100. சுடும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகிறது. கார்பன் டை ஆக்சைடு 44. சுட்ட சுண்ணாம்பு 56. ஆகவே தூய சிப்பி 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பே கிடைக்கும். ‘நூறு கிலோ போட்டேனே, மீதி 44 கிலோ எங்கே?’ என்று முதலாளி அதட்டினால், கணக்கு அறியாத வேலையாள் விழிப்பான். கணக்கு அறிந்தவனோ, ‘ஐயா, அது காற்றாகப் போயிற்று, போகாதிருந்தால்தான் சுண்ணாம்பு வேகவில்லை என்று பொருள்’ என்பான்.

சரியாக வேகவில்லை என்பதையும் எடையே காட்டும். 100 கிலோ சிப்பியைச் சுட்ட பின் 67 கிலோ எஞ்சியது எனக் கொள்வோம். போனது 33 கிலோ. போக வேண்டியது 44. ஆகவே முக்காற்பங்கே வெந்தது. 42 கிலோ சுண்ணாம்பும் வேகாத சிப்பி 25 கிலோவும் கலந்து கிடக்கின்றன. காளவாயைப் பிரித்துப் பார்க்காமல், தராசு ஒன்றினாலேயே இதனைச் சொல்லிவிட முடிகிறது.

மேலும் தொடர்வோம். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு 18 கிலோ தண்ணீரை உட்கொண்டு, கொதித்து, 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகிறது. அது சாந்தாகிச் சுவரில் ஏறுகிறது. அங்கே காற்றிலிருந்து மெல்ல மெல்ல 44 கிலோ கார்பன் டை ஆக்சைடை ஏற்று, 18 கிலோ தண்ணீரை விட்டுவிட்டு, மீண்டும் 100 கிலோ கால்சியம் கார்பனேட் ஆகிறது. கடலில் சிப்பியாயிருந்தது சுவரிற் கல்லாகிவிட்டது! காளவாயில் இழந்த 44ஐயும் காற்றிலிருந்தே திரும்பப் பெற்றது. பத்மநாபபுரம் அரண்மனையின் பழைய சுண்ணச் சாந்துச் சுவர்கள் உறுதி பெற்றதும் இவ்வினையால்தான். அச்சாந்தை இடித்தும் குழைத்தும் பூசியும் உழைத்தவர் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் கைகளில் நிகழ்ந்த வேதியியலை அவர்கள் பேரப்பிள்ளைகள் கணக்காக எழுதட்டும்.

அடுத்து, மாணவரை மிகவும் மயக்கும் ஒரு செய்தி. ஒரு கதவுக்கு மூன்று கீல் வேண்டும். பத்துக் கதவும் இருபத்துநான்கு கீலும் இருந்தால் எத்தனை கதவு மாட்டலாம்? எட்டு. கீல்களின் எண்ணிக்கை கதவுகளைவிட மிகுதி. எனினும் முதலில் தீர்ந்தது கீல்தான். முதலில் தீர்ந்து வினையை நிறுத்திவிடும் பொருளையே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்கிறோம்.

இதனைத் தண்ணீரில் வைத்துக் காண்போம். இரண்டு மோல் ஹைட்ரஜனும் ஒரு மோல் ஆக்சிஜனும் சேர்ந்தால் இரண்டு மோல் தண்ணீர். நம்மிடம் ஹைட்ரஜன் 10 கிராம், ஆக்சிஜன் 64 கிராம் உள்ளன. ஆக்சிஜன் ஆறு மடங்கிற்கு மேல் இருப்பதால் ஹைட்ரஜனே முதலில் தீரும் என்று கண் சொல்லும். மோலாக்கிப் பார்ப்போம். ஹைட்ரஜன் 10 ÷ 2 = 5 மோல்; ஆக்சிஜன் 64 ÷ 32 = 2 மோல். இரண்டு மோல் ஆக்சிஜனுக்கு நான்கு மோல் ஹைட்ரஜன் போதும். ஆக்சிஜன் தீர்ந்தது, ஹைட்ரஜன் ஒரு மோல், அதாவது 2 கிராம் மிஞ்சியது. கிடைத்த தண்ணீர் 4 மோல், 72 கிராம். 72உம் 2உம் 74. தொடக்கத்திலும் 10உம் 64உம் 74. கணக்கு நேராயிற்று. எடை மிகுந்ததே மிகுதி என்று எண்ணினால் ஏமாந்தோம். எண்ணிக்கையே உண்மையைச் சொல்லிற்று.

குலசேகரம், திருவட்டாறு பகுதிகளின் இரப்பர் தோட்டங்களில் வேலை செய்வோர் இல்லங்களிலிருந்து வந்துள்ள பிள்ளைகளும் இதனைக் கேளுங்கள். பால் உறையாமலிருக்கச் சில வேளைகளில் அம்மோனியா சேர்ப்பர்; உறைய வைக்கப் பார்மிக் அமிலம் சேர்ப்பர். அம்மோனியாவின் மூலக்கூறு எடை 17. பார்மிக் அமிலத்தினுடையது 46. ஒன்றுக்கு ஒன்று வினைபுரியும். ஆகவே பாலில் 17 கிராம் அம்மோனியா இருந்தால், 46 கிராம் அமிலம் அதனை நடுநிலையாக்குவதிலேயே செலவாகிவிடும். அதற்கு மேல் ஊற்றுவதே பாலை உறைய வைக்கும். வழக்கமான அளவு ஊற்றியும் பால் சரியாக உறையவில்லையெனில் காரணத்தை இங்கே தேடிப் பாருங்கள்.

மணவாளக்குறிச்சி மணலையும் சிறிது காண்போம். 1909இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர், திருவிதாங்கூர்க் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். விடுதலைக்குப் பின், 1950இல், இந்திய அருமணல் நிறுவனம் தோன்றியது. அந்தக் கரிய மணலில் மிகுதியாக இருப்பது இல்மனைட். அதன் ஒரு மூலக்கூறில் இரும்பு ஒன்று, டைட்டேனியம் ஒன்று, ஆக்சிஜன் மூன்று. 56உம் 48உம் 48உம் கூட்டினால் 152. அதிலிருந்து பெறக்கூடிய டைட்டேனியம் டை ஆக்சைடு 80. வெள்ளைச் சாயத்திற்கு உயிர் நாடியான பொருள் இது. 80ஐ 152ஆல் வகுத்தால், நூற்றுக்கு 52.6 பங்கு.

ஆனால் மணவாளக்குறிச்சி இல்மனைட்டில் இருப்பதோ ஏறத்தாழ 55 பங்கு. கணக்குப் பொய்த்ததா? இல்லை. கணக்கிற்கும் மணலுக்கும் உள்ள அந்தச் சிறு வேறுபாடே ஒரு வரலாற்றைச் சொல்கிறது. மலைப்பாறை சிதைந்து, ஆற்றோடு வந்து, கடலலையில் அலைந்து, நெடுங்காலம் நீரிலும் காற்றிலும் கிடந்தபோது இரும்பில் ஒரு பகுதி கரைந்து போயிற்று. இரும்பு குறையவே டைட்டேனியத்தின் பங்கு உயர்ந்தது. தூய பொருளின் விகிதம் நமக்குத் தெரிந்திருப்பதால்தான், மணல் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதும் தெரிகிறது.

இனி நான் சொல்லப் போவது பாடநூலில் இராது. ஆயினும் நம் சமுதாயத்தின் உயிரோடு ஒட்டியது. கழிவுநீர்த் தொட்டியிலும் பாதாளச் சாக்கடையிலும் இறங்கி மாண்டோர் செய்தியை நாளிதழ்களில் இன்றும் படிக்கிறோம். அவர்கள் பெரும்பாலும் எந்தச் சமுதாயத்தினர் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘விஷவாயு தாக்கியது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவர். எவ்வளவு வாயு? கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒன்றரை மீட்டர் அகலம், 1.6 மீட்டர் நீளம், 2 மீட்டர் ஆழம் வெற்றிடமுள்ள தொட்டி என்று கொள்வோம். அதன் கொள்ளளவு 4800 லிட்டர். அறை வெப்பநிலையில் எந்த வாயுவாயினும் ஒரு மோல் ஏறத்தாழ 24 லிட்டர் இடம் கொள்ளும். ஆகவே தொட்டியிலுள்ள காற்று 200 மோல். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலே ஓரிரு மூச்சில் மனிதன் நிலைகுலைந்து வீழ்வான். ஆயிரத்தில் ஒரு பங்கு எனில் 0.2 மோல். மூலக்கூறு எடை 34. பெருக்கினால் 6.8 கிராம்.

தோழர்களே! ஏழு கிராமுக்கும் குறைவு. ஒரு தேக்கரண்டி உப்பைவிடச் சற்றே மிகுந்த எடை. அந்த அளவு வாயு, உயிரைப் பறிக்கும் கிடங்காக ஒரு தொட்டியை மாற்றிவிடுகிறது. அடியிலுள்ள கசடைக் கிளறும்போது அது திடீரென வெளிப்படும். காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29, இதனுடையது 34. ஆகவே அது கீழே தங்கும் இயல்புடையது. அழுகிய முட்டை நாற்றம் வீசும் என்பர். ஆனால் செறிவு மிகுந்தால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் இல்லையே என்று இறங்குவோன் மீளமாட்டான். விளக்கை இறக்கிப் பார்ப்பதும் காவலாகாது. ஆக்சிஜன் குறைந்தால்தான் விளக்கு அணையும். ஆயிரத்தில் ஒரு பங்கு நச்சு வாயுவை அது காட்டிக் கொடுக்காது.

2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவியின்றி ஒருவரைச் சாக்கடையிலோ தொட்டியிலோ இறக்குவதைக் குற்றமாக்கியுள்ளது. இவ்வாறு இறந்தோர் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2023 அக்டோபரில் அதனை முப்பது இலட்சமாக உயர்த்தியது. எத்தனை இலட்சமாயினும் அது இறந்த பின் வருவது. இறங்காமற் காப்பது அறிவு. ‘ஐந்து நிமிட வேலைதானே, இறங்கு’ என்று எவரேனும் அழைத்தால், ‘6.8 கிராம் போதும், நான் இறங்கமாட்டேன். இயந்திரத்தைக் கொண்டு வாருங்கள்’ என்று சொல்லும் இளைஞன் ஒவ்வொரு தெருவிலும் வேண்டும். ஒருவர் வீழ்ந்துவிட்டாலும் பின்னால் குதிக்காதீர்கள். தீயணைப்பு நிலையத்திற்குச் சொல்லுங்கள். காப்பாற்றக் குதித்தவரும் உடன் மாண்ட செய்திகள் பல.

இறுதியாக, மாணவர்க்கு ஒரு நடைமுறை. எந்தக் கணக்கு வந்தாலும் ஐந்து படிகளில் ஏறுங்கள். முதலாவது, வினையின் சமன்பாட்டை எழுதுங்கள். இரண்டாவது, இரு பக்கமும் அணுக்களைச் சமன் செய்யுங்கள். மூன்றாவது, கொடுத்த கிராமை மோலாக்குங்கள். நான்காவது, சமன்பாடு கூறும் விகிதப்படி வேண்டிய பொருளின் மோலைக் காணுங்கள். ஐந்தாவது, அந்த மோலைக் கிராமாக்குங்கள். கிராமிலிருந்து கிராமுக்கு நேரே தாவ முயல்பவன் விழுவான். மோல் என்னும் பாலத்தின் வழியாக நடப்பவன் கரை சேர்வான். முடிவில் இரு பக்க எடையையும் கூட்டிச் சரிபாருங்கள். ஒரே கணக்கைப் பத்து முறை படிப்பதினும் பத்துக் கணக்கை ஒரு முறை செய்வது மேல்.

கழகத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு நல்ல தராசு, ஒரு தனிம வரிசை அட்டவணை, வாரம் ஒரு மாலை வேளை: இவ்வளவும் இருந்தால் கல்லூரியிற் படிக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இக்கணக்கைக் கற்பித்துவிடலாம். பெருஞ்செலவு ஏதுமில்லை. வெள்ளி விழா ஆண்டின் நினைவாக அம்மாலை வகுப்பு தொடங்கட்டும். பொன்விழாவின்போது அதிற் படித்தவர்கள் இம்மேடையில் அமர்ந்து பேசட்டும்.

அளவு பிறர் கையில் இருந்த காலம் ஒன்றிருந்தது. இனி அளவு நம் கையில் இருக்கட்டும்.